எஃப்-150 பின்பக்கத்தை வீட்டிலேயே இறக்கிச் சமன் செய்ய: எந்த பிளாக் வாங்குவது?

டெக்சாஸ்காரன்

வண்டி 2018 ஃபோர்டு எஃப்-150, சூப்பர்க்ரூ, ஐந்தரை அடி தொட்டி, 4x4. பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தால் முன்பக்கத்தைவிடப் பின்னால் இரண்டேகால் அங்குலம் கூடுதல். முன்னால் ஸ்பேசர் போட்டு ஏற்ற எனக்கு விருப்பமில்லை. வயதானவர்கள் ஏறி இறங்குகிற வண்டி. பின்னால்தான் இறக்க வேண்டும்.

ஆன்லைனில் 2 அங்குல லோயரிங் பிளாக் (வண்டியை இறக்கப் போடுகிற கட்டை) பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? மாதம் இரண்டு தடவை 4,000 பவுண்டு படகு ட்ரெய்லர் இழுக்கும். கையில் இருப்பவை 3 டன் ஜாக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்ட், டார்க் ரென்ச். கராஜில் கான்கிரீட் தரை.

பட்டைஸ்பிரிங்

அதை வாங்காதீர்கள். உங்கள் வண்டியில் போட்டால் இறங்காது, ஏறத்தான் செய்யும்.

கீழே குனிந்து பாருங்கள். எஃப்-150-ல் ஆக்சிலுக்கு மேலே பட்டை (லீஃப் ஸ்பிரிங்) உட்கார்ந்திருக்கிறது. நடுவில் என்ன வைத்தாலும் பட்டை உயரும், அதோடு வண்டியின் அடிச்சட்டமும் உயரும். லோயரிங் பிளாக் என்று விற்பது, ஆக்சிலுக்குக் கீழே பட்டை தொங்குகிற வண்டிகளுக்கு. அங்கே பிளாக் ஆக்சிலை மேலே தள்ளும், சட்டம் தரையை நெருங்கும். ஒரே இரும்புக் கட்டைதான். இந்தக் குழப்பத்தில் பிளாக் வாங்கித் திருப்பி அனுப்புபவர்கள் ஏராளம்.

நல்ல செய்தி: உங்கள் 4x4-ல் கம்பெனியே ஒரு பிளாக் வைத்துத்தான் தூக்கியிருக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், ஒன்றேகால் அங்குலம் பக்கம் இருக்கும். அதைக் கழற்றினாலே அவ்வளவும் இறங்கிவிடும். மீதி ஒரு அங்குலச் சாய்வு அப்படியே இருக்கட்டும். ட்ரெய்லர் இழுக்கிற வண்டியை முழுச் சமமாக்குவது தப்பு.

வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று: பட்டையை ஆக்சிலோடு கட்டிப் பிடிக்கிற யூ போல்ட், புதிதாக நான்கு, நட்டு வாஷரோடு. பழையதைத் திரும்பப் போடக் கூடாது. முதல் முறை இறுக்கும்போதே அது இழுபட்டிருக்கும், மறுபடி பிடிப்பு நிற்காது. தவிர, பிளாக் போனபின் பழைய போல்ட் ஒன்றேகால் அங்குலம் நீளமாகிவிடும். நட்டு மரையைத் தாண்டி மொட்டைத் தண்டில் போய் முட்டும், டார்க் ரென்ச் 'டிக்' என்று சொல்லும், பட்டையோ இறுகியே இருக்காது. நாலைந்து வாஷர் அடுக்கிச் சமாளிக்கிற வேலை வேண்டாம். வளைவின் உட்புறத்திலிருந்து நுனி வரை அளந்து, பிளாக் உயரத்தைக் கழித்து, தண்டின் தடிமனையும் உள் அகலத்தையும் சொன்னால் ஸ்பிரிங் பட்டறையில் வளைத்துத் தருவார்கள்.

வேலை இப்படி:

முதல் நாளே எல்லா மரையிலும் துரு எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். மறுநாள் முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. பார்க்கிங் பிரேக் பின் சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். பின்பக்கம் தூக்கியதும் அதை நம்ப முடியாது.

பின்பக்கத்தைத் தூக்கி, பட்டையின் முன் ஹேங்கருக்கு (பட்டையின் முன்முனையைச் சட்டத்தில் பிடிக்கிற தாங்கி) சற்று முன்னால் சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். சக்கரங்களைக் கழற்றுங்கள். ஜாக்கியை டிஃபரன்ஷியலுக்கு அடியில் கொடுத்து ஆக்சிலின் பாரத்தை லேசாக ஏந்தச் செய்யுங்கள். இரண்டு ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டையும் எடுங்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், பார்க்கிங் பிரேக் கேபிள் மூன்றும் இழுபடாமல் இருக்கிறதா என்று ஆக்சில் இறங்க இறங்கப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். இடது பக்க யூ போல்ட்டை எடுக்கும்போது வலது பக்கத்து நட்டுகளைச் சில சுற்று தளர்த்துங்கள், கழற்றாதீர்கள். இரண்டையும் எடுத்தால் ஜாக்கி மேல் ஆக்சில் உருண்டு, பினியன் மூக்கு (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேர்கிற டிஃபரன்ஷியலின் முன்முனை) தரையைப் பார்த்துக் கவிழும். கைவிரல் அங்கே இருந்தால் அவ்வளவுதான்.

ஜாக்கியை மெல்ல இறக்கினால் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் இடையே இடைவெளி விழும். பிளாக்கை உருவி, ஆக்சில் மேடையைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். ஒட்டியிருக்கிற துருச் செதில் பிறகு உதிர்ந்தால் போல்ட் தளரும். திரும்ப ஏற்றும்போது பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கிற சென்டர் போல்ட்டின் தலை மேடைத் துளைக்குள் முழுசாக விழ வேண்டும். விளிம்பில் ஏறி உட்கார்ந்தால், இறுக்கும்போது சரியாக இருப்பது போலவே தெரியும். ஓட்டும்போது ஆக்சில் கோணலாக நகர்ந்து வண்டி நண்டு மாதிரி போகும். கைவிளக்கு அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். மேடைக்கும் பட்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது.

நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, மூன்று சுற்றில் இறுக்குங்கள். கடைசி அளவு உங்கள் வருடத்துக் கையேட்டில் உள்ளது மட்டும். 100 மைல் ஓட்டியதும் ஒரு தடவை, 500 மைலில் ஒரு தடவை மறுபடி டார்க் ரென்ச் வையுங்கள். முதல் தடவை நிச்சயம் கொஞ்சம் திரும்பும்.

திருப்புளி

மேலே சொன்னது சரி. ஷாக்கிள் (பட்டையின் பின்முனையைச் சட்டத்தோடு இணைக்கிற ஆடும் இணைப்பு) மாற்றியும் இறக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், அதற்கு முன்னால் ஒரு கணக்கு.

ஷாக்கிளின் இரண்டு போல்ட்டில் எது மேலே என்று பாருங்கள். சட்டத்துப் போல்ட் மேலேயும் பட்டையின் கண் கீழேயும் இருந்தால், நீள ஷாக்கிள் வண்டியை ஏற்றும். பட்டையின் கண் மேலே, சட்டத்துப் போல்ட் கீழே என்றால் நீள ஷாக்கிள் இறக்கும். எதுவானாலும் பட்டையின் ஒரு முனை மட்டும் நகர்வதால் ஆக்சிலில் பாதிதான் கிடைக்கும்: 2 அங்குலம் நீட்டினால் 1 அங்குலம்.

கூடவே ஒரு வினையும் வரும். பட்டையின் பின்முனை மேலேறினால் பட்டை முழுக்க முன்பக்கம் சாயும், பினியன் மூக்கு கீழே இறங்கும். 60 அங்குலப் பட்டையில் 2 அங்குலம் என்றால் ஏறத்தாழ 2 டிகிரி. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது தரை அதிர்கிற மாதிரி ஒரு உதறல் வருகிறதென்றால் பெரும்பாலும் இதுதான். பட்டை மேலே உள்ள வண்டியில் 2 டிகிரி ஆப்பு ஷிம்மின் (பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்கிற சரிவுத் தகடு) தடித்த பக்கம் பின்னால் வந்தால் மூக்கு தூக்கும். திருப்பிப் போட்டால் 2 டிகிரி 4 ஆகும். இரும்பு ஷிம் மட்டுமே போடுங்கள், அலுமினியம் நசுங்கும்.

ஷாக்கிள் போல்ட்டையோ பட்டைக் கண் போல்ட்டையோ தொட்டால், கடைசி இறுக்கு வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், இறக்கியதும் பிய்ந்துபோகும்.

பட்டையை கேஸ் அடித்துச் சூடாக்கி வளைவைக் குறைப்பது, ஒரு பட்டையை உருவிவிடுவது, இரண்டும் வேண்டாம். சூடு ஏறிய பட்டை பதம் போய் ஒருநாள் முறியும். அடியில் இருக்கிற தடித்த தட்டைப் பட்டை பாரம் ஏறும்போது தாங்குவதற்காகவே இருக்கிறது.

டெக்சாஸ்காரன்

நன்றி. அளந்தேன், பிளாக் ஒன்றேகால்தான். ஆனால் அதில் பக்கவாட்டில் காது மாதிரி ஒரு நீட்டம் இருக்கிறது. சட்டத்தில் உள்ள ரப்பர் கட்டை அதற்கு நேர் மேலே நிற்கிறது. பிளாக்கை எடுத்தால் ரப்பர் எதில் முட்டும்?

பட்டைஸ்பிரிங்

கேட்டது நல்லதாயிற்று. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தக் காதுதான் பம்ப் ஸ்டாப், அதாவது நீங்கள் சொன்ன ரப்பர் கட்டை, வந்து உட்காருகிற இடம். பிளாக் போனால் ரப்பர் காற்றில் இறங்கும். பெரிய பள்ளத்தில் ஆக்சில் நேராகச் சட்டத்தில் அடிக்கும். ஷாக்கும் உள்ளே முட்டி உடையும். ரப்பரிலிருந்து நேர் கீழே ஒரு தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். ஆக்சில் குழாயில் விழுந்தால் பயமில்லை. வெற்றிடத்தில் விழுந்தால் காது வைத்த அரை அங்குல பிளாக் தேடுங்கள், முக்கால் அங்குலம்தான் இறங்கும். அதுவே போதும் என்பேன்.

இப்போது ரப்பருக்கும் ஆக்சில் குழாய்க்கும் எவ்வளவு இடைவெளி என்று குறித்துக்கொள்ளுங்கள். இறக்குகிற அளவு அதிலிருந்து கழியும். டெயில் பைப் ஆக்சிலுக்கு மேலே வளைந்து போகிற இடத்திலும் அதே கணக்கு.

மரைகழண்டவன்

எதையும் கழற்றுவதற்கு முன்னால் படகை மாட்டிப் பாருங்க. ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் உட்காரணும், உங்களுக்கு 400லிருந்து 600 பவுண்டு. மாட்டினதும் பின்பக்கம் எவ்வளவு இறங்குது, முன்பக்கம் எவ்வளவு தூக்குது, ரெண்டையும் எழுதி வைங்க. ரெண்டும் சேர்ந்து ஒரு அங்குலத்தைத் தாண்டினா, பிளாக் எடுத்தபிறகு படகோடு போகும்போது வண்டி வாலைக் குத்திக்கிட்டுதான் போகும். அப்ப எடை பகிர்கிற ஹிட்ச் போடுங்க. ரிசீவர்ல (ஹிட்ச் மாட்டுற சதுரக் குழாய்) ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்லயே சாதா ஹிட்ச்சுக்கு எவ்வளவு, இதுக்கு எவ்வளவுன்னு தனித்தனியா போட்டிருக்கும். இல்லேன்னா பட்டைக்கு உதவியா வைக்கிற ஏர் பேக் (காற்றுப் பை). ஆனா அதைக் காலியா விட்டு ஓட்டக் கூடாது, கம்பெனி சொல்ற குறைஞ்சபட்சக் காற்று எப்பவும் இருக்கணும்.

ஹிட்ச் பந்து பின் ஆக்சிலைவிட இன்னும் பின்னால இருக்கு. அதனால ஒன்றேகால் இறக்கினா பந்து ஒன்றரைக்கும் மேல இறங்கும். பால் மவுண்ட் (பந்தைத் தாங்குற தண்டு) மாத்த வேண்டி வரலாம்.

எல்லாம் முடிஞ்சதும் ஹெட்லைட். யாருமே செய்யறதில்ல, எதிர்ல வர்றவன் கண்ணு போகுது. வீல்பேஸ் 145 அங்குலம், பின்னால 1.25 இறங்கியிருக்கு. 25 அடி தூரச் சுவர்ல, அதாவது 300 அங்குலத்துல, வெளிச்சம் கிட்டத்தட்ட 2.6 அங்குலம் மேல ஏறும். வேலை தொடங்கறதுக்கு முன்னாடியே சமதரையில 25 அடில நிறுத்தி, லோ பீமோட மேல் விளிம்பை டேப் ஒட்டிக் குறிச்சுடுங்க. முடிச்சதும் அதே இடத்துல, அதே அளவு பெட்ரோலோட நிறுத்தி, லைட்டுக்குப் பின்னால இருக்கிற திருகைத் திருப்பி டேப் வரைக்கும் இறக்குங்க.