ஹைபோகாஸ்டுக்குத் தமிழ்ச் சொல் தேவை: வெள்ளிக்கிழமைக்குள்

அ.ந. எழுதியது:
அன்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள ரோமானியக் குளியலகத்தைப் பார்க்கப் போகும் தமிழ்க் குழுவுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வெந்நீரறை, இளஞ்சூட்டறை, தண்ணீரறை எல்லாம் முடிந்தன, தளத்துக்கு அடியில் சூட்டை ஓடவிட்டு அறையை வெப்பமாக்கும் ஹைபோகாஸ்டில் நின்றுவிட்டேன். கிழக்குப் பக்க அறைகளில் தளம் பெயர்ந்துபோய், அதைத் தாங்கிய செங்கல் தூண்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. உலையின் சூடு இத்தூண்களுக்கிடையே ஓடி, சுவரில் பதித்த சுட்டமண் குழாய்கள் வழியே மேலேறும். ஒரே சொல் வேண்டும்.

கு.வே. எழுதியது:
கிரேக்க மூலத்தின் பொருளே கீழே எரிப்பதுதான். 'கீழெரி'. வேலை முடிந்தது.

மு. எழுதியது:
முடியவில்லை ஐயா. தீ எரிவது அறைக்கு வெளியே, பக்கத்தில். தளத்தின் கீழே ஓடுவது சூடான காற்று. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கணக்கில் எட்டு அங்குலச் செங்கல், இரண்டடித் தூண். அடித்தரை உலைவாயை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். பந்தை உள்ளே எறிந்தால் தங்காமல் தானே உருண்டு திரும்ப வேண்டும் என்கிறார். இன்னொன்று: பெரிய குளத்தின் படத்தருகே இச்சொல்லைப் போட்டுவிடாதீர்கள். அந்த நீர் ஊற்றிலிருந்தே சுமார் 46 பாகைச் சூட்டில் வருகிறது.

கு.வே. எழுதியது:
அப்படியானால் 'தடவுத்தளம்'. நெடுநல்வாடையில் 'பகுவாய்த் தடவில் செந்நெருப்பு ஆர' என்று வருகிறதே, நெருப்புச் சட்டி, அந்தத் தடவு. 'தடவும் கயவும் நளியும் பெருமை' என்பது தொல்காப்பியம். தட, தடம், தடா எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. தனி மடலில் விரிக்கிறேன்.

ச. எழுதியது:
விரிக்க வேண்டாம் ஐயா, காலில் விழுகிறேன். குளியலகத்தில் 'தடவு' என்று எழுதினால் எண்ணெய் தடவும் இடம் என்றுதான் படிப்பார்கள். ரோமானியர் உண்மையிலேயே எண்ணெய் தடவி, வளைந்த சுரண்டியால் அழுக்கை வழித்தெடுத்தவர்கள், குழப்பம் முற்றிவிடும். என் வாக்கு 'வெஞ்சுருங்கை'. சுருங்கை என்றால் நிலத்தடி வழி. 'பெருங்கை யானை இனநிரை பெயரும் சுருங்கை வீதி' சிலம்பில் இருக்கிறது. சுருங்கையே கிரேக்க 'சிரிங்ஸ்' என்பதிலிருந்து வந்தது என்பார் உண்டு. யவனர் சொல்லை யவனர் முறைக்கே வைப்போமே.

கு.வே. எழுதியது:
சுருங்குவதால் சுருங்கை! பச்சைத் தமிழ்ச் சொல்லைக் கப்பலேற்றாதீர்கள்.

மு. எழுதியது:
யானை போன வழியில் எப்படிச் சுருக்கம் வந்தது?

அ.ந. எழுதியது:
வியாழன் இரவு ஆகிவிட்டது. 'தரையடிக் கணப்பு' என்று போடுகிறேன். படித்ததும் புரிகிறது.

மு. எழுதியது:
கணப்பு குளிர்காய்வதற்கு, இது வியர்க்க வைப்பதற்கு. ஆனாலும் சரி.

ச. எழுதியது:
சரி.

கு.வே. எழுதியது:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். போகட்டும், அந்தச் சுரண்டிக்கு என்ன சொல் போட்டிருக்கிறீர்கள்?