சட்ட ஆய்விதழில் எந்தக் கட்டுரை வர வேண்டும் என்பதை மாணவர்கள் முடிவு செய்யலாமா?

கூடல்வாசி:
அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளின் ஆய்விதழ்கள் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் கையில்தான் இருக்கின்றன. 1887-இல் ஹார்வர்டு லா ரிவ்யூ தொடங்கிய காலத்திலிருந்தே இந்த வழக்கம். பேராசிரியர் அனுப்பும் கட்டுரையை ஏற்பதா வேண்டாமா என்று சொல்வதும் அவர்கள்தான். மருத்துவத்தில் இப்படி ஒன்றை யாராவது ஒப்புக்கொள்வார்களா? தேர்வுப் பொறுப்பைத் துறை அறிந்தவர்களிடம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நீதிக்கோல்:
அந்த ஹார்வர்டு மாணவர்கள்தான் 1890-இல் வாரன், பிராண்டைஸ் என்ற இரு வழக்கறிஞர்கள் எழுதிய அந்தரங்க உரிமைக் கட்டுரையை வெளியிட்டார்கள். 2017-இல் நம் உச்ச நீதிமன்றம் புட்டஸ்வாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னபோதும் அந்தக் கட்டுரையை எடுத்துப் பேசியது. அப்புறம் அடிக்குறிப்பு. முந்நூறு அடிக்குறிப்பு இருந்தாலும் மாணவர்கள் ஒவ்வொன்றின் மூலத்தையும் எடுத்து, கட்டுரையாளர் சொன்னது அங்கே இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வேறு எந்தத் துறை இதழில் இந்த உழைப்பு நடக்கிறது, சொல்லுங்கள்.

கூடல்வாசி:
சரிபார்ப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தேர்வு வேறு விஷயம். 2011-இல் அமெரிக்கத் தலைமை நீதிபதி ராபர்ட்ஸே, இந்த இதழ்களைத் திறந்தால் பதினெட்டாம் நூற்றாண்டு பல்கேரியாவின் சாட்சிய முறையில் தத்துவவாதி கான்ட்டின் தாக்கம் என்கிற மாதிரிக் கட்டுரைதான் கண்ணில் படும், வக்கீலுக்கு அதனால் பயன் இல்லை என்றார்.

நீதிக்கோல்:
அந்தக் கட்டுரைகளை எழுதுவது பேராசிரியர்கள்தானே! பழியை மாணவர்மேல் போடுவது நியாயமில்லை.

கூடல்வாசி:
எழுதுவது பேராசிரியர்கள், எடுப்பது மாணவர்கள். வரி விதிப்புச் சட்டத்தை ஒரு பருவம் மட்டும் படித்தவருக்கு அந்தத் துறையில் எது புதிய வாதம், எது இருபது வருடமாக ஓடும் பழைய வாதம் என்று எப்படித் தெரியும்? அதனால் கனமான சொல்லும் நீளமும் பெரிய கல்லூரியின் பெயரும் எடுபடுகின்றன. அடிக்குறிப்போடு சேர்த்து 25,000 வார்த்தைக்குள் எழுதுங்கள் என்று ஹார்வர்டே கேட்டுக்கொள்ளும் அளவுக்குக் கட்டுரைகள் நீண்டுவிட்டன.

இன்னொன்று இதைவிட மோசம். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்பலாம். ஓர் இதழ் ஏற்றுக்கொண்டதும் அதைக் காட்டி தரவரிசையில் மேலே உள்ள இதழிடம், "சீக்கிரம் படியுங்கள், எனக்குக் கெடு இருக்கிறது" என்று கேட்பார்கள். அங்கே கிடைத்தால் அதற்கும் மேலே. முதலில் உட்கார்ந்து கவனமாகப் படித்த சின்னக் கல்லூரி மாணவர்களின் உழைப்பு கடைசியில் வீணாகிறது.

மலைச்சாரல்:
நான் இங்கே ஒரு சட்டப் பல்கலைக்கழக மாணவர் இதழில் வேலை செய்தவள். மேற்கோள் காட்டிய தீர்ப்பைத் தேடிப் படித்தால், கட்டுரையாளர் சொல்லும் கருத்து சிறுபான்மைத் தீர்ப்பில் இருக்கும். அதைப் பெரும்பான்மையின் முடிவு என்று எழுதியிருப்பார். தீர்ப்பை முழுதாகப் படிக்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது, வகுப்பில் அல்ல. தேர்வை ஆசிரியர்களிடம் கொடுத்தால் மாணவர்களுக்குக் காற்புள்ளி திருத்தும் வேலைதான் மிஞ்சும். யேல், ஹார்வர்டு போன்ற இதழ்கள் கடைசிக் கட்டத்தில் துறை அறிஞர்களின் கருத்தையும் கேட்கின்றனவே, அது போதாதா?

கூடல்வாசி:
போதாது அம்மா. அது சில பெரிய இதழ்களில் மட்டும். எல்லா இதழிலும் ஏற்பதற்கு முன் துறை அறிந்த இருவர் படிக்கட்டும். கட்டுரையாளர் பெயரை மறைத்தே அனுப்பட்டும். ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டும் என்று விதி வரட்டும்.

நீதிக்கோல்:
பேராசிரியர்கள் நடத்தும் இதழ் வேண்டுமென்றால் சிகாகோவில் 1972 முதல் ஜர்னல் ஆஃப் லீகல் ஸ்டடீஸ் இருக்கிறது, அங்கே அனுப்பலாம். மாணவர் இதழின் பலமே வேகம். ஹார்வர்டு ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் இதழை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முந்தைய பருவத் தீர்ப்புகளுக்கு ஒதுக்குகிறது. இரண்டு பேராசிரியர்களின் பதிலுக்குக் காத்திருந்தால் நவம்பர் போய் மறு வருடம் வந்துவிடும்.

மலைச்சாரல்:
பெயரை மறைப்பதை முழு மனதோடு ஏற்கிறேன். ஒரு நேரத்தில் ஓர் இதழ் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. வேலை நிரந்தரமாவதற்காகக் காத்திருக்கும் இளம் ஆசிரியர் ஓர் இதழின் பதிலுக்கு ஆறு மாதம் உட்கார்ந்திருக்க முடியுமா?

கூடல்வாசி:
அப்படியானால் இதழுக்கு நாற்பது நாள் கெடு வையுங்கள். பதில் வராவிட்டால் அவர் அடுத்த இதழுக்கு அனுப்பிக்கொள்ளட்டும்.