சனிக்கிழமை காட்டு நடைக்குக் கூப்பிடுறாங்க, போகலாமா?

கல்லடிப்புள்ள:
எல்லாருக்கும் வணக்கம். சுவிசுக்கு வந்து மூண்டு மாதம். டொச் (ஜேர்மன் பாசை) வகுப்பில இந்தச் சனிக்கிழமை எல்லாரும் நடக்கப் போறமாம். டீச்சர் தந்த தாளில "நடுத்தரக் கஷ்டம், வழிநெடுகப் பலகை இருக்கு, காடும் புல்வெளியும், 4 மணி 10 நிமிசம்" எண்டு கிடக்கு. இண்டைக்கு வியாழன், எனக்கு ரெண்டு நாளா நித்திரை இல்ல. மட்டக்களப்பில மலை எண்டு நான் கண்டது குடும்பிமலைதான், அதுவும் தூரத்தில. காடெண்டா யானைதான் ஞாபகம் வருது. வழி தவறினா ஆரிட்டக் கேக்கிறது? நாலு வசனம் ஒழுங்காக் கதைக்க வராது. என்ர மனுசனுக்கு அண்டைக்கு வேலை. போகாட்டி வகுப்பில ஏதும் சொல்லுவாங்களோ எண்டும் பயமாக் கிடக்கு. ஆராவது சொல்லுங்களன்.

படுவான்கரையான்:
தங்கச்சி, இதுக்கா நித்திரை முழிக்கிறீங்க? கதிர்காமத்துக்கு நடந்த சனம் நாங்க. பொத்துவில், பாணமை, உகந்தை, அங்கால குமணக் காட்டுக்குள்ள இறங்கி யால வழியா நான் நாலு தரம் போயிருக்கன், வெறுங்காலோட. அங்க ஏது பலகை? முன்னுக்குப் போறவங்கட அரோகராச் சத்தம்தான் வழி. இஞ்ச யானை இல்ல. செருப்பைப் போட்டுட்டு ஒரு போத்தல் தண்ணியோட போங்க, காணும்.
நான் 1989இல வந்தநேரம் என்னை ஒருத்தரும் நடக்கக் கூப்பிடல்ல. பனிக்குள்ள விடியச் சாமம் எழும்பி ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில கோப்பை கழுவினன். மூண்டு மாதச் சம்பளத்தில ஒரு மாதத்தைத் தரல்ல. கேக்கப் பாசை இல்ல. உங்களுக்கு வகுப்பு இருக்கு, கூப்பிட ஒரு டீச்சர் இருக்கு. விட்டுடாதீங்க.

தூண் அக்கா:
அண்ணன், செருப்போட போகச் சொல்லாதீங்க. ஈர வேரில வழுக்கி என்ர கால் முறிஞ்சு ஆறு கிழமை கட்டுப் போட்டிருந்தன்.
புள்ள, பலகையின்ர நிறத்தைப் பாருங்க. முழு மஞ்சளெண்டா சாதாரணப் பாதை. மஞ்சள் பலகையின்ர நுனியில வெள்ளை சிவப்பு வெள்ளை இருந்தா மலைப்பாதை, நல்ல சப்பாத்தில்லாமப் போகக்கூடாது. வெள்ளை நீலம் வெள்ளை கண்டா உங்களுக்குரியது இல்ல. மரத்திலயும் கல்லிலயும் மஞ்சள் வைரக்குறி கீறியிருக்கும். நாடு முழுக்க 65,000 கிலோமீற்றருக்கு மேல இப்பிடிப் பாதை. நெடுநேரமாக் குறியைக் காணல்ல எண்டா முன்னுக்குப் போகாம, கடைசியாக் கண்ட குறிக்குத் திரும்புங்க.
எந்த இடம் எண்டு சொல்லல்லையே? எங்க தொடங்கி எங்க முடியுது?

சூரிச் தம்பி:
மாட்டைப் பற்றி ஒருத்தரும் சொல்லல்ல. புல்வெளி எண்டா பாதையே மாட்டுக்குள்ளால போகும். கண்டோட நிக்கிற தாய்மாடு கலைக்கும். என்னைக் கலைச்சது.

படுவான்கரையான்:
மாட்டுக்குப் பயப்படுறதா? எங்கட வீட்டில பட்டி இருந்தது, மயிலத்தமடுப் பக்கம்தான் மேய்ச்சல். கிட்டப்போய்க் குரல் குடுத்தா விலகும். அந்த மேய்ச்சல் தரையே இப்ப பெரிய வழக்காப் போச்சு, அதை நினைச்சா வயிறெரியுது.

சூரிச் தம்பி:
அண்ணன், அது உங்கட மாடு, உங்கட குரல் தெரியும். இஞ்ச கண்டு நிண்டா எட்டத்தால சுத்திப் போகோணும், கண்டைத் தடவவே கூடாது.

ஒல்ரன்காரன்:
எனக்கு விளங்காதது வேற. மலைப்பாதையில எதிர்ப்படுற எல்லாரும் சிரிச்சு வணக்கம் சொல்லுறாங்க. அதே சனம் லிப்டில பக்கத்தில நிண்டா முகத்தைத் திருப்புது. ஆறு வருசமா ஒரே கட்டடத்தில இருக்கிறம், மேல்வீட்டுக்காரிக்கு என்ர பேர் தெரியாது.

சூரிச் தம்பி:
எங்கட ஆக்கள் மட்டும் என்ன? கோயில்ல கண்டா "எத்தனை வருசம், என்ன விசா" எண்டுதான் முதல் கேள்வி. வா, ஒருநாள் நடப்பம் எண்டு ஆர் கூப்பிட்டது?

கல்லடிப்புள்ள:
எல்லாருக்கும் நன்றி. எம்மெந்தால் பக்கமாம். சொல்ல மறந்துட்டன், மகனும் என்னோடதான். நாலு வயது. அவர் வேலைக்குப் போனா விட்டுட்டுப் போக ஆளில்ல. தள்ளுவண்டிலில வச்சுக் கொண்டுபோகலாமா?

தூண் அக்கா:
அடி புள்ள, இதை முதலே சொல்லியிருக்கோணும்!
தள்ளுவண்டில் வேண்டாம். காட்டுக்குள்ள வேர், புல்வெளியில கடப்புக் கடப்பா வரும், தூக்கித் தூக்கியே களைச்சிருவீங்க. பலகை நேரம் பெரியாளுக்கு, சமதரையில மணிக்கு 4.2 கிலோமீற்றர் கணக்கு. இருக்கிற நேரம், சாப்பிடுற நேரம் அதில இல்ல. நாலு வயதுக்கு அதை ரெண்டாப் பெருக்குங்க. அப்ப முழுவழியும் நீங்க போகேலாது. அது குறையில்ல.
இண்டைக்கே டீச்சருக்கு எழுதுங்க: "பிள்ளையோட வாறன், பாதிவழியில பஸ் ஏற இடமிருக்கா?" வகுப்புக்குப் பதிலாப் போறதா, விரும்பினாப் போறதா எண்டதையும் அதிலயே கேளுங்க. பஸ் இருந்தா திரும்பி வாற நேரத்தையும் கடைசி பஸ்ஸையும் பார்த்து வையுங்க. ஆறு வயதுக்குக் குறைஞ்ச பிள்ளைக்குப் பெரியாளோட ரிக்கற் தேவையில்ல.
ரெண்டு பேருக்கும் நீளக் கால்சட்டை, கீழ்நுனியை மேசுக்குள்ள விடுங்க. உண்ணி புல்லிலயும் பத்தையிலயும்தான் இருக்கும்.

படுவான்கரையான்:
உண்ணி கடிச்சா தேங்காயெண்ணெய் தடவினா விழும். மாட்டுக்கு அப்பிடித்தான் செய்வம்.

தூண் அக்கா:
இல்லண்ணன், இஞ்சத்த உண்ணி வருத்தம் பரப்பும். எண்ணெய் போடாம, சின்னக் குறட்டால தோலோட ஒட்டப் பிடிச்சு நேரா இழுக்கோணும். பின்னேரம் மகன்ர கமக்கட்டு, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால பாருங்க. கடிச்ச இடத்தைச் சுத்திப் பிறகு சிவப்பு வளையம் பெருத்தா டொக்டரிட்டப் போங்க. உண்ணியால வாற மூளைக்காய்ச்சலுக்குப் போடுற தடுப்பூசியைப் பற்றியும் ஒருநாள் கேளுங்க.
வேலிக் கம்பியில கறண்ட், மகன் பிடிக்க விடாதீங்க. திறந்த கடப்பைத் திரும்பப் பூட்டுங்க. இடி முழங்கினா தனி மரத்துக்குக் கீழ நிக்கக்கூடாது. ஏதும் நடந்தா அம்புலன்சுக்கு 144. வதிவிட அட்டையையும் வச்சுக்கொள்ளுங்க.

படுவான்கரையான்:
சரி, செருப்பு எண்டது என்ர பிழை. புள்ள, சப்பாத்தே போடுங்க. ரொட்டி சுட்டுக் கட்டச்சம்பலோட கட்டினா மத்தியானம் வரைக்கும் பழுதாகாது. மகனுக்குச் சம்பல் வேண்டாம், வாழைப்பழம்.

கல்லடிப்புள்ள:
டீச்சர் பதில் போட்டுட்டா. விரும்பினா வரலாமாம். முழு மஞ்சள் பலகைதானாம். ரெண்டு மணித்தியாலத்தில ஒரு ஊர் வருமாம், அங்க போஸ்ட் பஸ் நிக்குமாம். வகுப்பில இருக்கிற எரித்திரியா அக்காவும் தன்ர மகளோட அதிலயே இறங்குறாவாம். எனக்குச் சப்பாத்து மட்டும் இல்ல.

தூண் அக்கா:
நாளைக்குக் காலமை உங்கட ஊர்ப் புறொக்கிக்கு (பழஞ்சாமான் கடை) போங்க, பழசு மலிவாக் கிடைக்கும். அடி தேயாததாப் பாருங்க. தடிச்ச மேசோட போட்டுப் பார்த்து, முன்னுக்கு ஒரு விரல் இடம் விட்டு எடுங்க. பின்னேரம் முழுக்க வீட்டுக்குள்ள போட்டு நடந்து பாருங்க, கடிச்சா சனிக்கிழமை வேண்டாம்.