புதுப்பிப்பு: வெளுத்துப்போன தேக்கு டீப்பாய்

போன வாரம் புலம்பியிருந்தேனே, மழை நாளில் என்.சி. லேக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் கலந்த மரப்பூச்சு) அடித்த டீப்பாய் பத்தே நிமிடத்தில் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது என்று. மரத்தில் ஈரம் என்று நான் நினைத்தது தப்பு. குற்றவாளி, லேக்கரை இளக்கக் கலக்கும் தின்னர்.

மலிவாகக் கிடைத்த தின்னர், மூக்கைத் துளைக்கும் அசிட்டோன் வாடை. 56 டிகிரியிலேயே கொதிக்கும் சரக்கு அது. ஆவியாகிற வேகத்தில் மேற்பரப்பைக் குளிர வைத்துவிடும். மண்பானைத் தண்ணீர் கணக்குதான். குளிர்ந்த படலத்தில் காற்றின் ஈரம் பனியாய் இறங்க, நைட்ரோசெல்லுலோஸ் திரிந்து வெள்ளையாகிறது.

171 டிகிரியில் கொதிக்கும், மெதுவாக ஆவியாகும் கரைப்பானான பியூட்டைல் செல்லோசால்வைத் தின்னரில் பத்தில் ஒரு பங்கு கலந்து லேசாக ஒரு கை அடித்தேன். பழைய படலம் மறுபடி இளகி, கண்ணெதிரே தேக்கின் ரேகை தெளிந்து வந்தது! (ஹார்டனர் சேர்த்த பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சில் இந்த வித்தை பலிக்காது. இறுகினால் இறுகியதுதான்.)

அதோடு விட்டிருக்கலாம். மூன்றாம் நாள் பூ ஜாடியை வைத்தேன், அடிவட்டம் அப்படியே பதிந்துவிட்டது. தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. மேல்தோல் இறுகியபின் உள்ளே சிக்கிய கரைப்பான் பாலிமர் சங்கிலிகளுக்குள் நுழைந்து நுழைந்துதான் வெளியே வரவேண்டும். படலம் இருமடங்கு தடிமன் என்றால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்கு. நானோ ஒரே நாளில் மூன்று கோட்!

இப்போது ஃபேனுக்கு அடியில் நிற்கிறது. நகத்தால் அழுத்தினால் இன்னும் தடம் விழுகிறது. அது நின்றபிறகுதான் உப்புத்தாள்.