வால்டர் பியானோவின் நகலை இன்றும் கையால் செய்வது ஏன்?

கேள்வி:
மொசார்ட் வாசித்த, வியன்னாவின் பியானோ கைவினைஞர் அன்டன் வால்டர் செய்த பியானோ ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் இன்றும் இருக்கும்போது, சிறு பட்டறைகளில் அதன் நகல்களைச் செய்வதற்கு என்ன தேவை இருக்கிறது? பழைய கருவிகளையே பழுதுபார்த்து வாசித்தால் போதாதா?

மறுமொழி 1:
போதாது, ஐயா. கம்பியைத் தட்டும் சுத்தியலின் தேய்ந்த தோலை மாற்றினால், அதை முதலில் செய்தவர் விட்டுச்சென்ற சான்றும் அதனுடன் போய்விடுகிறது. மேலும், வார்ப்பிரும்புச் சட்டகம் இல்லாமல் மரமே கம்பிகளின் இழுவையைத் தாங்குவதால், இருநூறு ஆண்டுகளில் உடல் முறுக்கிக்கொள்வது இயல்பு. பால் மெக்நல்டி செக் நாட்டின் திவிஷோவ் என்ற சிற்றூரில் இத்தகைய நகல்களைச் செய்கிறார்.

மறுமொழி 2:
வேலையின் நுட்பம் சுத்தியலில்தான் இருக்கிறது. வால்டர் பின்பற்றிய வியன்னா முறையில் சுத்தியல், விரலால் அழுத்தும் கட்டையின் மேலேயே பொருத்தப்பட்டிருப்பதாலும், அதன் சிறிய தலையைக் கம்பளிக்குப் பதிலாகத் தோல் மூடியிருப்பதாலும், ஒலி தெளிவாக எழுந்து விரைவில் தேய்கிறது. தோலின் தடிமன் சிறிது மாறினாலும் குரலே மாறிவிடும். 61 கட்டைகளுக்கும் அதைச் சீராக்கும் பொறுமையை எந்த இயந்திரமும் தராது என்பது என் கருத்து.

மறுமொழி 3:
சில கருவிகளுக்கு நகலைத் தவிர வேறு வழியே இல்லை. போலந்தின் வார்சாவில் இசையமைப்பாளர் ஷோபினுக்குச் சொந்தமாயிருந்த, புக்ஹோல்ட்ஸ் என்பவரின் பட்டறையில் செய்யப்பட்ட பியானோவை 1863இல் ரஷ்யப் படையினர் ஜன்னல் வழியே வீசி உடைத்துவிட்டனர். அதே பட்டறையின் மற்றொரு பியானோவை முன்மாதிரியாக வைத்து மெக்நல்டி செய்த நகல், 2018இல் வார்சாவில் நடந்த பழங்காலக் கருவிகளுக்கான ஷோபின் போட்டியில் வாசிக்கப்பட்டது.