செருகியதும் ஃபர்ம்வேர் தானாக ஏறவில்லை: எஃப்எக்ஸ்2எல்பி பலகை, யுடெவ் விதி. உதவி தேவை

தங்கச்சிமடம்_எக்கோ:
விசைப்படகு எக்கோ சவுண்டர்களின் (ஒலியால் ஆழம் அளக்கும் கருவி) டிரான்ஸ்டியூசர் சிக்னலைப் பார்க்க ஒரு யுஎஸ்பி பலகை. சில்லு சைப்ரஸ் சிஒய்7சி68013ஏ, அதாவது எஃப்எக்ஸ்2எல்பி. கணினி ராஸ்பெரி பை, டெபியன் வகை லினக்ஸ். செருகினால் எல்எஸ்யுஎஸ்பி-யில் (யுஎஸ்பி சாதனப் பட்டியல்) 04பி4:8613 என்று வெண்டார், ப்ராடக்ட் எண்கள் வருகின்றன. எஃப்எக்ஸ்லோட் கட்டளையைக் கையால் அடித்தால் ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஓடும் நிரல்) ஏறி, பலகை வேலை செய்கிறது. கழற்றி மாட்டினால் மறுபடியும் முதலில் இருந்து. தானாக ஏற ஒரு யுடெவ் விதி (சாதனம் செருகியதும் லினக்ஸ் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் வரி) எழுதினேன். ஒன்றுமே நடக்கவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. விதியில் பஸ், சிஸ்எஃப்எஸ் என்ற சொற்களும், கடைசியில் டாலர் என்வ் டிவைஸ் என்பதும் உள்ளன. ஃபர்ம்வேர் உள்ள ஹெக்ஸ் கோப்பு என் ஹோம் கோப்புறையில் இருக்கிறது.

உச்சிப்புளி_கர்னல்:
தம்பி, அந்த விதி ரொம்பப் பழசு. பஸ், சிஸ்எஃப்எஸ் இரண்டையும் யுடெவ் எப்போதோ கைவிட்டுவிட்டது. டிவைஸ் என்ற மாறி, ப்ராக்/பஸ்/யுஎஸ்பி இருந்த காலத்துக்கானது. இன்றைக்கு முகவரி டெவ்/பஸ்/யுஎஸ்பி/001/005 என்ற மாதிரிதான் வரும்.

கழற்றினால் ஃபர்ம்வேர் போவது கோளாறு இல்லை. அந்தச் சில்லுக்குள் இருப்பது 16 கேபி ரேம் மட்டும், ஃப்ளாஷ் கிடையாது. எஃப்எக்ஸ்லோட் 0எக்ஸ்ஏ0 என்ற வெண்டார் ரிக்வெஸ்ட் மூலம் உள்ளே இருக்கும் 8051 செயலியை ரீசெட்டில் நிறுத்தி, ரேமில் எழுதி, விடுவிக்கிறது. மின்சாரம் போனால் அத்தனையும் போச்சு.

புதிய விதியில் வேண்டியவை இவை (உச்சரிப்பில் எழுதுகிறேன், அடிக்கும்போது உங்களுக்கே தெரியும்): ஆக்ஷன் == ஆட்; சப்சிஸ்டம் == யுஎஸ்பி; என்வ் டெவ்டைப் == யுஎஸ்பி_டிவைஸ்; ஆட்ர் ஐடிவெண்டார் == 04பி4; ஆட்ர் ஐடிப்ராடக்ட் == 8613; பிறகு ரன் += எஃப்எக்ஸ்லோட்டின் முழுப் பாதை, சின்ன எழுத்து மைனஸ் டி (டைப்பின் முதல் எழுத்து) எஃப்எக்ஸ்2எல்பி, பெரிய எழுத்து மைனஸ் ஐ ஹெக்ஸ் கோப்பு, பெரிய எழுத்து மைனஸ் டி (டிவைஸின் முதல் எழுத்து), அதன்பின் டாலர் டெவ்நோட்.

இதில் வழுக்கும் இடங்கள் உண்டு. ஒப்பிடுவதற்கு இரட்டைச் சமக்குறி. எண்களில் வரும் ஆங்கில எழுத்து சின்ன எழுத்தாகவே இருக்க வேண்டும். ஆட்ர் என்பதை ஆட்ர்ஸ் என்று எழுதி டெவ்டைப்பையும் விட்டுவிட்டால், பலகையின் இன்டர்ஃபேஸ் நிகழ்வுக்கும் விதி பொருந்தும். அதற்கு டெவ் முகவரியே இல்லை, எஃப்எக்ஸ்லோட் வெறும் கையோடு நிற்கும். ரன் வரி ஷெல் வழியாக ஓடாது; அலைக்குறி, பைப், திசைமாற்றம் எதுவும் பலிக்காது. ஹெக்ஸ் கோப்பை ஹோமில் வைக்காமல் யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர் கீழே வையுங்கள். விதிக் கோப்பின் பெயர் .ரூல்ஸ் என்று முடியாவிட்டால் யுடெவ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

சோதிக்கும்போது ஏமாறாதீர்கள். யுடெவ்அட்ம் டெஸ்ட், ரன் வரியை ஓட்டிப் பார்க்காது. யுடெவ்அட்ம் ட்ரிக்கர் தானாக அனுப்புவது சேஞ்ச், ஆட் அல்ல. கண்ட்ரோல் ரீலோட் கொடுத்து, பலகையைக் கழற்றி மாட்டுவதுதான் நேர்வழி. பக்கத்தில் யுடெவ்அட்ம் மானிட்டர் ஓடட்டும்.

தங்கச்சிமடம்_எக்கோ:
நன்றி அண்ணே, ஏறுகிறது. ஆனால் நிற்கவே மாட்டேன் என்கிறது. மானிட்டரில் ஆட், ரிமூவ், ஆட், ரிமூவ் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. டிஎம்இஎஸ்ஜி-யில் (கர்னல் செய்திகள்) டிவைஸ் எண் கூடிக்கொண்டே போகிறது.

உச்சிப்புளி_கர்னல்:
ஃபர்ம்வேர் ஏறியதும் பலகை தன்னைத் துண்டித்து, புது அடையாளத்தோடு மறுபடி இணைகிறது. உங்கள் ஃபர்ம்வேரிலும் அதே 04பி4:8613 எழுதியிருக்கிறார்கள் போல. அப்படியானால் விதி மறுபடி பொருந்தும், மறுபடி ஏற்றும், முடிவே இல்லை. மூலநிரல் கையில் இருந்தால் டிஸ்கிரிப்டரில் (பலகை தன்னைப் பற்றிச் சொல்லும் தகவல்) ப்ராடக்ட் எண்ணை மாற்றுங்கள். அதுதான் சுத்தமான வேலை. இல்லையென்றால் இன்னொரு நிபந்தனை சேருங்கள்: ஆட்ர் பிசிடிடிவைஸ் (சாதனப் பதிப்பு எண்) == ஏ001. வெறும் சில்லு ஏ001 என்று காட்டும். ஃபர்ம்வேர் ஏறிய பிறகு வேறு எண் வருகிறதா என்று எல்எஸ்யுஎஸ்பி மைனஸ் வி-யில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை_ஈப்ராம்:
இன்னொரு வம்பும் இருக்கு. கர்னலில் உள்ள யுஎஸ்பிடெஸ்ட் மாட்யூலின் பட்டியலில் 04பி4:8613 இருக்கிறது. அது ஏற்றப்பட்டால் இன்டர்ஃபேஸைப் பிடித்துக்கொள்ளும். எஃப்எக்ஸ்லோட்டுக்கு இது தடையில்லை, ஏனென்றால் அது இன்டர்ஃபேஸைக் கேட்பதே இல்லை. உங்கள் அளவீட்டு நிரலுக்குத்தான் "பிசி" (வேறு நிரல் பிடித்திருக்கிறது) என்று பிழை வரும். ஈடிசி/மோட்ப்ரோப்.டி-யில் ப்ளாக்லிஸ்ட் யுஎஸ்பிடெஸ்ட் என்று ஒரு வரி போதும்.

ரூட் இல்லாமல் அளவீட்டு நிரலை ஓட்ட, டேக் += யுஅக்சஸ் (உள்நுழைந்த பயனருக்கு அனுமதி) என்று இன்னொரு விதி எழுதலாம். கோப்புப் பெயரின் எண் 73-க்குக் கீழே இருக்கட்டும். 99 போட்டு எழுதினால் யுஅக்சஸ் வேலை செய்யாது. இங்கே பாதிப் பேர் விழுவது அந்தக் குழியில்தான்.

தங்கச்சிமடம்_எக்கோ:
பாய், படகிலேயே வைத்து ஓட்ட வேண்டும் என்றால்? ஒவ்வொரு முறையும் விதியை நம்பாமல், பலகையிலேயே எழுதிவிட முடியாதா?

கீழக்கரை_ஈப்ராம்:
பலகையில் எட்டுக்கால் ஈப்ராம் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகச் சில்லு) இருந்தால் முடியும். முதல் பைட் சி0 என்றால் சில்லு அதிலிருந்து அடையாள எண்களை மட்டும் படிக்கும். மொத்தம் 8 பைட் போதும், ஃபர்ம்வேர் அப்போதும் கணினியிலிருந்துதான் வர வேண்டும். சி2 என்றால் ஃபர்ம்வேர் முழுவதையும் ஈப்ராமிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதற்கு 24சி64, 24சி128 போன்ற பெரிய ஈப்ராம் வேண்டும். ஈப்ராமில் எழுத எஃப்எக்ஸ்லோட்டுக்கு மைனஸ் எஸ், மைனஸ் சி இரண்டும் கொடுக்கணும். முன்னதில் இரண்டாம் கட்ட லோடர் கோப்பு.

சோதித்து முடிக்காத ஃபர்ம்வேரை சி2-வாக எழுதாதீர்கள். அது தொங்கினால் பலகை எல்எஸ்யுஎஸ்பி-யில் வரவே வராது. அப்போது ஈப்ராம் ஜம்பரைக் கழற்றிவிட்டு பலகையை மாட்டுங்கள், 8613 என்று வரும். பலகையைக் கழற்றாமல் ஜம்பரைத் திரும்பப் போட்டு மறுபடி எழுதுங்கள். ஜம்பர் இல்லாத பலகை என்றால் சி2 பக்கமே போகாதீர்கள்.

லிப்யுஎஸ்பி-யோடு வரும் எஃப்எக்ஸ்லோட் வேறு. அதில் சாதனத்தைக் குறிக்க சின்ன எழுத்து மைனஸ் டி-க்குப் (டிவைஸ்) பின் வெண்டார்:ப்ராடக்ட், அல்லது மைனஸ் பி-க்குப் பின் பஸ், முகவரி. கோப்புக்கு சின்ன எழுத்து ஐ. பழைய விதியை அதோடு சேர்த்தால் வேலைக்காகாது.

தங்கச்சிமடம்_எக்கோ:
பிசிடிடிவைஸ் நிபந்தனை சேர்த்தேன், சுற்று நின்றது. ஃபர்ம்வேர் ஏறிய பிறகு 0000 காட்டுகிறது. யுஎஸ்பிடெஸ்டையும் தடுத்தாச்சு. ஒன்று மட்டும் மிச்சம்: பத்து முறை செருகினால் இரண்டு முறை "டிஸ்கிரிப்டர் ரீட், எரர் மைனஸ் 71" வருகிறது.

உச்சிப்புளி_கர்னல்:
அது விதியில் இல்லை. மைனஸ் 71 என்றால் கம்பியில் வரும் பேச்சே குழறுகிறது. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் பக்கம் திறந்து கிடக்கும் எந்த சாக்கெட்டும் பச்சை பூத்துவிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பின்களைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். கேபிள் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும், நடுவில் மின்சாரம் இல்லாத ஹப் வேண்டாம். அப்புறமும் வந்தால் பலகையின் சாக்கெட் சால்டரைப் பாருங்கள்.

தங்கச்சிமடம்_எக்கோ:
கேபிளை மாற்றினேன். இருபது முறை செருகிப் பார்த்ததில் இருபதும் ஏறியது.