மக்களோடு உட்கார்ந்து சுற்றுச்சூழல் சுகாதாரத் திட்டம் போட்டவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

நிலாமுற்றம்

உள்ளூர் சுகாதாரத் துறை ஒன்றில் சுற்றுச்சூழல் பிரிவில் வேலை பார்க்கிறேன். குடிநீர், கழிவுநீர், கொசு, புகை, நாற்றம் எல்லாம் எங்கள் மேசைக்குத்தான் வரும். எதை முதலில் கையில் எடுப்பது என்பதை இதுவரை நாங்களே ஓர் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்து வந்தோம். இந்த முறை அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களையும் குழுவில் சேர்த்துத் திட்டம் போட்டோம். இதே மாதிரி வேலையில் இருந்தவர்கள், அதிகாரியாகவோ குடியிருப்பவராகவோ, இங்கே எழுதினால் எல்லோருக்கும் உதவும்.

வழிகாட்டியாக நாங்கள் எடுத்துக்கொண்டது 'பேஸ்-இஎச்' முறை, அதாவது ஊரின் சுற்றுச்சூழல் சுகாதாரத்தை மக்களோடு சேர்ந்து மதிப்பிடும் வழிமுறை. அமெரிக்காவின் உள்ளூர் சுகாதாரத் துறைகளின் சங்கமான நாச்சோவும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியும் சேர்ந்து 2000-இல் வெளியிட்டது. அதில் 13 பணிகள் இருக்கின்றன. நம்மிடம் ஆளும் நேரமும் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில் தொடங்கி, குழு அமைப்பது, பிரச்சினைகளைப் பட்டியலிடுவது, அளவுகோல் தேர்ந்தெடுப்பது, தரவரிசைப்படுத்துவது, செயல்திட்டம், மதிப்பீடு என்று போகும். என்னைக் கேட்டால் பட்டியலிடும் கட்டம்தான் உயிர்நாடி. அங்கே மக்கள் சொன்னதை நாம் காதில் வாங்கவில்லை என்றால் மிச்சம் எல்லாம் வெறும் காகிதம்.

எங்கள் பட்டியலில் ஒரு கழிவுநீர் நீரேற்று நிலையம் இல்லவே இல்லை. ஆய்வாளர் ஏற்கெனவே போய்ப் பார்த்து 'நாற்றம் இல்லை' என்று கோப்பை மூடியிருந்தார். முதல் கூட்டத்தில் ஒரு வயதான அம்மா கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். தேதி, மணி, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அன்றைக்குத் தலைவலி வந்ததா என்று ஒவ்வொரு வரியிலும் எழுதியிருந்தார். பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல். ஆய்வாளர் போனதோ முற்பகலில்.

சரி, இரவில் கருவி வைத்துப் பார்ப்போம் என்று வைத்தோம். நோட்டில் இருந்த நேரங்களிலேயே ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஏறியது. காரணமும் பிறகு பிடிபட்டது. தொட்டியில் கழிவுநீர் நெடுநேரம் தேங்கி அழுகுகிறது. பம்பு ஓடத் தொடங்கியதும் அது கலங்கி வாயு வெளியே வருகிறது. தொட்டி நிரம்பும் வரை காத்திருக்காமல், மட்டம் கொஞ்சம் ஏறியதுமே பம்பு ஓடும்படி மாற்றினார்கள். நாற்றம் வெகுவாகக் குறைந்தது.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த வாயு அழுகிய முட்டை போல நாறும். ஆனால் 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. எங்கள் தெருவில் அளவு அதற்கு மிகமிகக் கீழேதான் இருந்தது. ஆனாலும் மூடிய தொட்டிக்குப் பக்கத்தில் போகிறவர்கள் 'இப்போது நாறவில்லை' என்பதை நம்பி உள்ளே குனியக் கூடாது.

மூன்றாம்மாடி

நான் துறையைச் சேர்ந்தவள் இல்லை, வாடகைக்குக் குடியிருப்பவள். எங்கள் பகுதிக் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள்.

முதல் கூட்டத்தில் சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தார்கள். புகார் வந்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. எங்கள் குடியிருப்புத் தொகுதிகள் இருந்த பக்கம் சுத்தமாக வெள்ளை. ஒரு அதிகாரி நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார், "இந்தப் பக்கம் பிரச்சினை குறைவு" என்று. எனக்கு மனசு ஆறவில்லை. அங்கே பீரோவை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. துணி காயப்போட வேறு இடம் கிடையாது, அறைக்குள்ளேயேதான் கொடி. குளியலறைக்கு ஜன்னல் இல்லை. யாரும் புகார் கொடுக்கவில்லை, ஏனென்றால் கொடுத்தால் வீட்டு உரிமையாளர் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்ற பயம். புகார் வராத இடம் நன்றாக இருக்கும் இடம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதைச் சொன்னேன். அப்புறம் வீட்டு எண், பெயர் எதுவும் கேட்காமல் தொகுதி வாரியாக மட்டும் கணக்கெடுத்தார்கள். துறையின் செவிலியர் ஒருவரும் இரண்டு குடியிருப்பவர்களும் சேர்ந்து வீடு வீடாகப் போனார்கள். கதவைத் தட்டியதும் தெரிந்த முகம் முன்னால் நின்றதால்தான் திறந்தார்கள். கூட்டமும் பிற்பகல் மூன்று மணியிலிருந்து இரவுக்கு மாறியது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து அறையில் ஆள் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் வேலைக்குப் போகிறவர்கள் வரவே ஆரம்பித்தார்கள்.

ஒரு விவாதம் ஞாபகம் இருக்கிறது. பூஞ்சையை மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். ஈரமும் பூஞ்சையும் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைச் செவிலியர் எடுத்துக் காட்டினார். காற்றில் இவ்வளவு பூஞ்சை இருந்தால் ஆபத்து என்று அதில் எந்த எண்ணும் கொடுக்கவில்லை, ஈரத்தைப் போக்கு, அதுதான் மருந்து என்கிறது. எனவே ஆய்வகச் செலவு வேண்டாம், அந்தப் பணத்தில் காற்றுப்போக்கிக்கும் ஒழுகும் குழாய்க்கும் வழி பார்க்கலாம் என்று முடிவானது. நல்ல முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

கிணற்றடி

தண்ணீர் பரிசோதிக்கும் வேலை எனக்கு. மேலே இருவரும் எழுதியது உண்மைதான். ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சில ஆபத்துகளை மக்களால் பார்க்கவோ மோந்து பார்க்கவோ முடியாது. அங்கே துறைதான் வாய் திறக்க வேண்டும்.

நாங்கள் போன பகுதியில் பாதிப் பேர் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள். மக்கள் எழுதிய பட்டியலில் கிணறு கடைசியில் இருந்தது. தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், ருசியும் நன்றாக இருக்கும். "கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறோம்" என்றார்கள். சோதித்ததில் பல கிணறுகளில் நைட்ரேட், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியிருந்தது. பக்கத்தில் செப்டிக் டேங்குகள், மேட்டில் உரம் போடும் நிலம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைவதால் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம்.

இதை எப்படிச் சொல்வது என்பதில்தான் குழுவில் இருந்த குடியிருப்பவர்கள் எங்களுக்குக் கைகொடுத்தார்கள். கூட்டத்தில் வரைபடம் காட்ட நினைத்திருந்தோம். "என் கிணறு கெட்டுப்போன விஷயத்தை ஊரோடு சேர்ந்து நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. முதலில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் முடிவைக் கையில் கொடுத்து உட்கார்ந்து விளக்கினோம், கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு அன்றைக்கே மாற்றுத் தண்ணீர் ஏற்பாடு செய்தோம். பொதுக் கூட்டம் அப்புறம்தான். அடுத்த வாக்கெடுப்பில் கிணறு தானாகவே மேலே வந்தது.

மூன்றாம்மாடி

நிலாமுற்றம், ஒரு கேள்வி. எங்கள் கூட்டத்தில் தெருவிளக்கு, நடைபாதை என்று நிறையப் பேர் எழுதினார்கள். அது சுகாதாரத் துறை வேலை இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். உங்கள் இடத்தில் என்ன செய்தீர்கள்?

நிலாமுற்றம்

ஒதுக்கவில்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் வபாஸோ என்ற இடத்தில் இதே பேஸ்-இஎச் முறையில் மக்களைக் கேட்டபோது தெருவிளக்கு முக்கியத் தேவையாக வந்தது. இருட்டில் வெளியே நடக்க முடியாது என்பது அவர்களுக்கு உடல்நலப் பிரச்சினை. அங்கே சுகாதாரத் துறை மற்ற துறைகளோடு பேசி விளக்குக்கு வழி செய்தது. அந்த உதாரணத்தை எங்கள் மேலதிகாரிக்குக் காட்டியது பலன் தந்தது.

எங்கள் திட்டத்தில் மக்கள் சொன்ன எந்த வரியையும் அடிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் பொறுப்பு, யாரிடம் பேசினோம், என்ன பதில் வந்தது என்று எழுதுகிறோம். முடியாது என்று பதில் வந்தால் காரணத்தோடு அதையும் எழுதுகிறோம். அதைச் சொல்லக் கூட்டத்துக்குப் போவது கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் பதிலே சொல்லாமல் விட்டால் அடுத்த முறை நாற்காலிகள் காலியாக இருக்கும்.

அளவுகோல் பற்றியும் சொல்கிறேன், இதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். புகார் எண்ணிக்கை குறைந்தால் வெற்றி என்று வைக்க வேண்டாம். நம்பிக்கை வந்தால் புகார் கூடும். மூன்றாம்மாடி சொன்ன வாடகை வீடுகளிலிருந்து எங்கள் பகுதியிலும் இப்போதுதான் ஒன்றிரண்டாக வரத் தொடங்கியிருக்கிறது. அதனால் ஈரச் சுவர் உள்ள வீடுகள் எத்தனை, அதில் எத்தனை சரியானது என்பதை ஆண்டுக்கொரு முறை வீடு வீடாகப் போய் எண்ணுவது என்று வைத்திருக்கிறோம்.